துளை இல்லாத ஐந்து கற்கள்

கோட்டையில் அவளை எல்லோரும் கொத்தனாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கோட்டையில், அங்கங்கே கல் பெயர்ந்து, கணுக்கால் உயரத்துக்கு அடிச்சுவர் மட்டுமே மிஞ்சியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால், பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அதன்மேல் சுவர் எழுப்பியவர்களில் அவளும் ஒருத்தி. மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போய்விட, பராமரிப்புக்கு அவள் மட்டும் தங்கினாள். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு.

கட்டும்போது ஒரு கண்டிப்பான விதி இருந்தது. புதிதாக வைக்கும் ஒவ்வொரு கல்லின் மூலையிலும் மிளகு அளவுக்கு ஒரு துளை போட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் புதுசைப் பழசென்று நம்பிவிடக் கூடாது.

திங்கட்கிழமை காலை, வெடிமருந்துக் கிடங்கின் அடிவரிசையில் ஐந்து கற்களில் யாரோ சாக்பீஸால் குறி போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தாள். ஐந்திலும் துளை இல்லை. ஐந்தும் அவள் வைத்த கற்கள். மழைக்கு முன் முடிக்கச் சொல்லி மேஸ்திரி கத்திய கத்தலில், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டது, அப்படியே மறந்துபோனது.

எவரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். யார்?

முதல் சந்தேகம் கொழுந்தன் மேல். நீலக் கோட்டும் மும்முனைத் தொப்பியுமாக வாசலில் பிரெஞ்சுச் சிப்பாய் வேஷத்தில் நிற்பதுதான் அவன் உத்தியோகம்.

"ஏம்ப்பா, கிடங்குப் பக்கம் போனியா?"

"இந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு ஒண்ணுக்குப் போறதே பெரும்பாடு அண்ணி. கிடங்குக்கு எங்க போறது?"

"யார்கிட்டயாவது வாயை விட்டியா?"

"நீங்க ஏதாவது சொல்லியிருந்தாத்தானே விடறதுக்கு!"

அவன் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் கண்கொத்திப் பாம்பாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் கொடுக்கும் பெண் வணக்கம் சொன்னால்கூட அதில் ஒரு உள்குத்து இருப்பதாகப் பட்டது.

புதன்கிழமை தொல்லியல் துறை அதிகாரியம்மாவே வந்தார்.

"கொத்தனாரம்மா, நல்ல சேதி. நான் குறி போட்ட அஞ்சு கல்லும் ஒரிஜினல். துளையே இல்ல பாருங்க! கண்ணாடி போட்டு பலகை வெக்கப் போறோம். இத்தனை வருஷம் காப்பாத்தினது நீங்கன்னு உங்க ஃபைல்ல எழுதிடறேன்."

வாயைப் பிடுங்கப் பார்க்கிறாரோ? முகத்தை உற்றுப் பார்த்தாள். சூது தெரியவில்லை. தலையை ஆட்டினால் போதும், வேலை கையில்.

அதிகாரி குனிந்து கல்லைத் தடவினார். "முந்நூறு வருஷத்துக்கு முந்தி யாரோ ஒருத்தன் கை..."

"அது என் கை மேடம்." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

நடந்ததைக் கேட்டு முடித்தவர் கல்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வேற எங்கெல்லாம் இப்படி?"

"வேற எங்கயும் இல்ல மேடம்."

"எல்லாச் சுவரையும் காட்டுங்க. வேலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

டார்ச்சோடு நடந்தார்கள். துளை இல்லாத ஒவ்வொரு கல்லிலும் அதிகாரி நின்றார்.

"இது?"

"பழசு."

"இது?"

"பழசுதான் மேடம்."

கல்லைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார். பதினேழாவது கல்லில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.