பதிவேட்டில் ஒரு பெருவிரல்

வாசகரே, இந்த வழக்கில் நீங்களும் ஒரு சாட்சி. ஆகவே முதலில் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். பச்சைத் துணி அட்டை. ஓரத்தில் கரையான் தின்ற தடம். நடுப்பக்கத்தில் நீல மையில் என் பெயரும் நான் திருமுழுக்குப் பெற்ற நாளும். அதன் கீழே, ஞானத்தாயின் பெயருக்கு எதிரே, ஒரு பெருவிரல் ரேகை. பாடாங் மேஹா தோட்டத்துச் சிற்றாலயத்தில் எட்டு நாள் குழந்தையாக நான் அலறியபோது என்னைத் தாங்கியிருந்த கையின் ரேகை அது.

என் ஞானத்தாயை நான் சின்னம்மா என்றே அழைத்தேன். பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். தந்தையின் தோளில் கைக்குழந்தையாக நாகப்பட்டினத்திலிருந்து இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலில் வந்தவர். தோட்டமே லாரியில் ஏறிப்போய் அடையாள அட்டை எடுத்த நாளில் அவருக்கு அம்மை போட்டிருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர், விட்டவர்தாம். எழுபதுகளின் இறுதியில் திகாம் பத்து என்ற ஊரில் பேருந்துக்காக நின்றபோது அட்டைச் சோதனையில் அகப்பட்டார். இரண்டாண்டுகளுக்கு முன்புதான் அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தார் என்பது குற்றச்சாட்டு. அது நிலைத்தால், கணவரையும் மூன்று பிள்ளைகளையும் இங்கே விட்டுவிட்டு அவர் மட்டும் கப்பலேற வேண்டும். நாங்கள் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்க, அவரோ என்னைக் கேட்டார்: "நாகப்பட்டினத்துல ரப்பர் மரம் இருக்காடா? இல்லன்னா நான் போயி எத வெட்டுறது?"

இருபத்தொரு வயதில் நான் மாவட்டப் பட்டிமன்றங்களில் கோப்பைகள் குவித்துக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் உள்ள குழந்தை நான்தான் என்று சாட்சி சொல்ல வரவேண்டும் என வழக்கறிஞர் சொன்னதும், மூன்று நாள் கண்விழித்து ஓர் உரையை எழுதி மனப்பாடம் செய்தேன். அதில் கடல் இருந்தது, வியர்வை இருந்தது, தாய்மை இருந்தது. அதன் முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு வழக்கறிஞர் கையமர்த்தினார். "தம்பி, நீ பேச வரல. பொறந்ததுக்கு சாட்சி சொல்ல வர்றே. கேட்டதுக்கு பதில் சொல்லு, போதும் லா."

சுங்கை பட்டாணி நீதிமன்றத்துக்குப் பங்குச்சாமியார் அந்தப் பதிவேட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். இருபத்தோராண்டுகளுக்கு முன்பே இந்தப் பெண் இந்நாட்டில் இருந்திருக்கிறார், ஆகவே குற்றச்சாட்டே நிற்காது, வழக்கைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டுக்கொண்டார். எதிர்த்தரப்பு அதிகாரி பண்பாகவே மறுத்தார். தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பெண்களுக்கு இவருக்குள்ள அதே புனிதரின் பெயர்தான். பதிவேட்டில் உள்ளவர் இவர்தாம் என்பதற்கு என்ன உறுதி என்றார். இவர்தாம் உன் ஞானத்தாயா என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். நீதியின் பீடத்தை வணங்கித் தொடங்கிக் கடலைக் கடந்து, வியர்வையைத் தொட்டு, தாய்மையில் ஏறி, கைத்தட்டல் எழவேண்டிய இடத்தில் நிறுத்தினேன். மொழிபெயர்ப்பாளர் மாஜிஸ்திரேட்டின் பக்கம் திரும்பி, "ஆமாம் என்கிறார்" என்று மலாயில் முடித்துவிட்டார். பின்வரிசையில் சின்னம்மாவின் கணவர்கூடச் சிரித்தார். எட்டு நாள் குழந்தை யாரை அடையாளம் கண்டிருக்க முடியும் என்று அதிகாரி கேட்டார். ஏறிய மேடைகளில் எந்த எதிரணியும் என்னை அப்படி மடக்கியதில்லை.

அப்போதுதான் சின்னம்மா கூண்டுக்குள்ளிருந்து இடது கையை உயர்த்தினார்.

"ஐயா, பேரு நெறைய பேருக்கு இருக்கும். இந்தக் கட்டவெரலு எனக்கு மட்டுந்தானே."

வெட்டுக்கத்தி பிடித்துப் பழகிய முதல் மாதத்தில் அந்த விரலைக் கத்தி குறுக்கே பிளந்திருந்தது. மைப்பெட்டி வந்தது. வெள்ளைத் தாளில் விழுந்த ரேகையின் நடுவே, மை ஒட்டாத ஒரு கோடு சாய்வாக ஓடியது. பதிவேட்டின் ரேகையிலும் அதே இடத்தில், அதே சாய்வில், அதே கோடு. மாஜிஸ்திரேட் இரண்டையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். அதிகாரியை அழைத்துக் காட்டினார். தமக்கு மறுப்பில்லை என்று அதிகாரியே சொன்னார். வழக்கு தள்ளுபடியானது.

இன்றும் மேடையேறுகிறேன், கைத்தட்டல் இன்றும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்துக்கு நிகரான ஒன்றை நான் இதுவரை பேசியதில்லை.

அன்று நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில், மை காயாத விரலோடு அவர் தேநீர்க் குவளையைப் பிடித்திருந்தார். வழக்கு தீர்ந்ததே தவிர அட்டை இன்னும் கிடைக்கவில்லை. இனி ஓராண்டாவது அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கவேண்டும் என்று வழக்கறிஞர் நினைவூட்டினார். கூண்டில் நின்றபோது வாடாத அவர் முகம் அதைக் கேட்டு வாடியது. படிவம் என்றால் அவருக்கு அத்தனை பயம். ஆனாலும் என்னைப் பார்த்ததும் கேலி வந்துவிட்டது. "இவனக் கூட்டிட்டுப் போனா, இவன் பேசி முடிச்சு பாரம் கேக்குறதுக்குள்ள ஆபீச மூடிருவாங்க."

கடையே சிரித்தது. எழுந்து நின்றால்தான் எனக்குப் பேச்சு வரும். எழுந்து நின்று, கடைசி மேசைக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அட்டை உங்க கைக்கு வர்ற வரைக்கும் எல்லா ஆபீசுக்கும் நான் கூட வருவேன், சின்னம்மா. கேட்டாத்தான் வாயத் தொறப்பேன்."