பாதாள ஸ்டேஷனில் காணாமல்போன மகன்

சிங்கப்பூரில் இருக்கும் என் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். பூமிக்கடியில் ஓடும் ரயிலில் கூட்டிப்போனவன், வேறு ரயிலுக்கு மாற ஒரு பெரிய ஸ்டேஷனில் இறக்கினான். தரை கர்ப்பக்கிரகம் மாதிரி சுத்தம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"செருப்பப் போடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று பல்லைக் கடித்தான்.

அப்போது அவனோடு வேலை செய்யும் தமிழர் ஒருவர் எதிரே வந்து, "யாரு இவங்க?" என்றார்.

"யாரோ ஊர்க்காரங்க. வழி கேட்டாங்க" என்றான் என் மகன்.

அவர் என்னிடம், "எங்கம்மா போகணும்?" என்றார்.

"என்ற பையன் ஊட்டுக்குங்க. கூடத்தான் வந்தானுங்க, இப்பக் காணோம்" என்றேன். மகன் தலை நிமிரவில்லை.

சிங்காநல்லூர் திரும்பிய பிறகு, அவன் போன் செய்தால் முன்போல "சொல்லு கண்ணு" என்பதில்லை. "சொல்லுங்க" என்கிறேன். யாரோ ஊர்க்காரரிடம் அப்படித்தானே பேசுவோம்.