ஏச்சையும் மொழிபெயர்க்க வேண்டி வந்த நாள்

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். புயலோடு வந்த மழையில் யாழ்ப்பாணம் முழுக்கத் தண்ணீராய்க் கிடந்தது. அரியாலைக்கு அப்பால், கடல்நீரேரிக் கரையை ஒட்டிய ஒரு ஊரில் நடந்தது இது.

நான் நீர்வேலியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். வெள்ளத்தால் வகுப்புகள் நின்றுபோய் வீட்டில் இருந்தபோது, ஒரு நிவாரண நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து நிபுணர் ஒருவர் வந்திருக்கிறார், கூடப் போய் மொழிபெயர்க்க வேண்டும் என்றார்கள். என்ன நிபுணர் என்று கேட்டேன். “சண்டை, சமாதானம் சம்பந்தமான நிபுணர்” என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளத்துக்கு மருந்து கொடுக்க ஆள் வரும், தண்ணீர் இறைக்க ஆள் வரும். சண்டைக்குமா ஆள் அனுப்புவார்கள்?

அனுப்புவார்களாம். அனர்த்தம் நடந்த இடத்தில் பயத்திலும் பதற்றத்திலும் ஊருக்குள் சண்டை, கொழுவல் வரும். கொண்டுபோகும் உதவியே அதைப் பெரிதாக்கியும் விடும். அப்படி ஆகாமல் பார்க்க, சில வாரங்களுக்கு மட்டும் வந்து போகிறவர்கள் இவர்கள். வந்தவர் ஆபிரிக்க நாடொன்றைச் சேர்ந்த ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். எங்களூர் இடியப்பத்தையும் சம்பலையும் முதல் நாளே கையால் பிசைந்து சாப்பிட்டு, கண்ணில் நீர் வழிய வழிய இன்னும் கேட்டவர்.

அந்த ஊரின் சிக்கல், தெருவுக்குக் கீழே தண்ணீர் போகும் ஒரு மதகு. தெருவின் மேற்பக்கம் வயல்கள், கீழ்ப்பக்கம் மீன்பிடிக் குடும்பங்களின் வீடுகள். வயல் வெள்ளம் மதகு வழியாக வந்து வீடுகளுக்குள் ஏறத் தொடங்கியதும், கரையில் இருந்தவர்கள் மண்ணும் கல்லும் போட்டு மதகை அடைத்துவிட்டார்கள். இப்போது வீடுகள் தப்பின, வயல் மூழ்கியது. நிறுவனம் வயல்காரருக்குத் தண்ணீர் இறைக்கும் பெரிய இயந்திரம் ஒன்று கொடுக்க இருந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கரைக்காரர் கேட்ட பிறகுதான், இந்த அம்மாவை அனுப்பினார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிலைமை கைமீறும் கட்டத்தில் இருந்தது. வயல்காரர் மண்வெட்டிகளோடு மதகை வெட்ட வந்துவிட்டார்கள். கரைக்காரர் அடைப்பின் மேலேயே ஏறி நின்றார்கள். சிலர் கையில் கல். வாகனத்துக்குள்ளேயே இருப்போமா என்று அந்த அம்மாவிடம் கேட்க நினைத்துத் திரும்பினால், ஆள் அங்கே இல்லை. காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டிருந்தார்.

வயல்காரர் பக்கம் முன்னுக்கு நின்றவர் அறுபது வயதுக் கமக்காரர். எதிரே நின்றவர் மீன் விற்கும் ஒரு பெண். தொண்டை சும்மா சொல்லக்கூடாது, கோயில் மணி மாதிரி. இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்த அம்மா இரண்டு கையையும் உயர்த்தி, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், ஒரு சொல்லும் விடாமல் இவர் மொழிபெயர்ப்பார் என்று என்னைக் காட்டினார்.

அந்தப் பெண்தான் தொடங்கினார். கமக்காரரின் பரம்பரையில் தொடங்கி, அவர் தலையில் மூளை இருக்கிறதா என்பதுவரை மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். நான் வெட்கத்தில் பாதியை விழுங்கி, “இவர் மிகவும் கவலையாக இருக்கிறார்” என்று ஆங்கிலத்தில் முடித்தேன்.

அந்தப் பெண்ணுக்கு வந்ததே கோபம்! “ஏன் பிள்ளை, நான் இவ்வளவு கதைச்சன், நீ ரெண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டாய்? உந்தாள் அறளை பேந்தவர் எண்டு சொன்னனே, அதைச் சொன்னனியோ?”

“அதுக்கு இங்கிலீசிலை என்னெண்டு சொல்லுறதெண்டு தெரியேல்லை அக்கா” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் அந்தக் கமக்காரர் பொறுமை இழந்து சொன்னார். “அறளை எண்டால் வயசு போய் எல்லாம் மறந்து போறது, ரீச்சர். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறது. சொல்லுங்கோ, அவவுக்கு விளங்கட்டும்!”

தன்னை ஏசிய சொல்லுக்குத் தானே பொருள் சொல்லிக்கொடுத்தது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. முதலில் கல் வைத்திருந்த பெடியன் ஒருவன் சிரித்தான். பிறகு மண்வெட்டிக்காரர் சிரித்தார்கள். நான் மொழிபெயர்த்ததும் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தன் கணவருக்கும் இதே வியாதிதான் என்றார். அதையும் தமிழில் சொன்னேன். ஏசிய பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு, எது நடந்துவிடுமென்று பயப்படுகிறீர்கள் என்று அந்த அம்மா இருவரிடமும் கேட்டார். நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததால் இருவரும் அவசரப்படாமல் ஆறுதலாகக் கதைத்தார்கள். நெல் கதிர் வெளிவரும் முன்னான குடலைப் பருவத்தில் நிற்கிறது, இன்னும் தண்ணீர் நின்றால் அத்தனையும் அழுகிப்போகும் என்றார் கமக்காரர்.

அந்தப் பெண் தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “என்ரை மகள் பிள்ளை பெத்து வந்து இன்னும் ஒரு கிழமை ஆகேல்லை. தண்ணி வந்தால் தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நான் எங்கை ஓடுறது?”

நான் ஆங்கிலத்தில் தொடங்குமுன் கமக்காரர் முந்திக்கொண்டார். “பச்சைப் பிள்ளையோ? உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ தங்கச்சி. என்ன பிள்ளை?”

“பொம்பிளைப் பிள்ளை அண்ணை.”

“தாய்க்குச் சுகமோ?”

“ஓம், சுகம். ஆனால் வீட்டு நிலமெல்லாம் ஈரம்.”

அந்த அம்மா என் கையைச் சுரண்டி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். இனி நாங்கள் தேவையில்லை போலிருக்கிறது என்றேன்.

முதலில் வீடுகளுக்கு அணை, பிறகு மதகு என்று அவர்களே பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் விறுவிறு என்று நடந்தது. வயல்காரர் வெறும் உரப்பைகளை உழவு இயந்திரத்தில் கொண்டுவந்தார்கள். கரைக்காரர் மணல் அள்ளி நிரப்பினார்கள். வீடுகளுக்கு முன்னால் மூட்டைகள் வரிசையாக எழும்பின. கமக்காரரின் மனைவி குடை பிடிக்க, தாயும் குழந்தையும் அதே உழவு இயந்திரத்தில் மேட்டிலிருந்த பாடசாலைக்குப் போனார்கள். அதன் பிறகே, தண்ணீர் வீடுகளைத் தொடாமல் கடல்நீரேரிக்குப் போகும்படி மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். ஓரிடத்தில் மூட்டைகளுக்கு இடையால் தண்ணீர் சீறியது. நான்கைந்து பேர் ஒரேயடியாகப் பாய்ந்து அடைத்தார்கள். யார் வயல், யார் கரை என்று பார்க்க முடியாதபடி எல்லோரும் சேறு. இருட்டுமுன் வயலில் நெல்லின் தலை தெரிந்தது. ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை.

திரும்பி வரும்போது, நடுவில் போய் நின்றது ஒரு பயிற்சி முறையா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். பெட்டி நிறையப் படங்களும் திட்டங்களும் கொண்டுவந்ததாகவும், ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை என்றும் சொன்னார். அங்கே விளங்காமல் நின்றவர் தான் ஒருத்தி மட்டுமே, அதனால் தனக்கு விளங்கப்படுத்துவதற்காக எல்லோரும் நிதானமாகச் சொல்ல வேண்டி வந்தது, அவ்வளவுதான் என்றார். இரண்டு கிழமையில் வேறொரு நாட்டு வெள்ளத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

இப்போதும் வீட்டிலோ வகுப்பிலோ யாராவது என்னோடு கொதித்துக்கொண்டு வந்தால், அவர் சொல்வதை நான் இன்னொருவருக்கு ஒரு சொல்லும் விடாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கேட்பேன். அப்படிக் கேட்டு முடிப்பதற்குள், பதிலுக்குச் சொல்ல வைத்திருந்த கோபமான வார்த்தைகள் பெரும்பாலும் எனக்கே தேவையில்லாமல் போய்விடுகின்றன.