ஏலத்தில் விலை இறங்கும் என்று காத்திருந்த வில்லம்

வெளிநாட்டு வியாபாரிகளை இங்குள்ள தொழிற்கூடங்களுக்கு அழைத்துப் போவதுதான் என் வேலை. மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, அவ்வப்போது சண்டை விலக்குபவர் என்று எல்லாம் நானே. கோவையில் ஒரு நிறுவனத்துக்காக எட்டு வருடம் இதைச் செய்துவிட்டு, போன வருடம் தனியாக வந்தேன். அப்படி வந்தபின் கிடைத்த முதல் ஆள் வில்லம். ஹாலந்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் தொட்டிக்குப் பதிலாகத் தென்னை நாரில் செய்த தொட்டி அவருக்கு வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஜாய்ஸ் அக்காவின் கூடத்தில் அது கிடைக்கும். செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். இதே மாதிரி யாரையாவது கூட்டிக்கொண்டு போகப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன். என் முட்டாள்தனங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து நாகர்கோவில் சுமார் எழுபது கிலோமீட்டர். டாக்ஸிக்கு 2,800 ரூபாய். இரண்டு மணி நேரம் என்பார்கள், நம்பாதீர்கள், களியக்காவிளையில் மட்டுமே எங்களுக்கு முப்பத்தைந்து நிமிடம் போயிற்று. ஓட்டுநர் சுனில், குலசேகரத்துக்காரர். நெரிசல் எப்படியும் நகரப் போவதில்லை என்று தெரிந்ததும் வண்டியை ஓரம்கட்டி எங்களை டீ குடிக்க அழைத்துப் போனார்.

அங்கேதான் வில்லமின் காகிதக்கட்டு வெளியே வந்தது. ஆசியாவில் வணிகம் செய்யப் போகிறவர்களுக்கான அறிவுரைகள், பதினோரு பக்கம், எங்கோ இணையத்தில் எடுத்து அச்சிட்டு, மஞ்சள் மையில் கோடெல்லாம் போட்டு வைத்திருந்தார். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் குனிந்து கொடுக்க வேண்டும். யாரும் நேரடியாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அவசரம் காட்டக் கூடாது. பரிசு கொடுத்தால் உறவு வளரும். ஜப்பானையும் நாகர்கோவிலையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய கட்டுரை அது. இங்கே அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வில்லம் எழுந்து, இடுப்பை மடித்துக் குனிந்து, இரண்டு கையாலும் தன் கார்டைச் சுனிலிடம் நீட்டிவிட்டார். சுனில் அசரவே இல்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு, அதே அளவு குனிந்து தன் கார்டைக் கொடுத்தார். கல்யாணம், ஏர்போர்ட், ஆஸ்பத்திரி டிரிப் எல்லாவற்றுக்கும் அணுகவும் என்று அதில் இருந்தது. "அக்கா, நல்ல மனுசன் கேட்டியளா. இதுவரைக்கும் ஒருத்தனும் எனக்கு கார்டு தந்ததில்ல" என்றார் என்னிடம். வில்லமுக்குப் பரம சந்தோஷம். அந்தக் கட்டுரை பலிக்கிறது என்று நினைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வடசேரி சந்தையைச் சுற்றினோம். நாகர்கோவிலில் தங்குகிறவர்கள் இதைத் தவற விடாதீர்கள், செலவில்லாத சந்தோஷம். வில்லம் எல்லாவற்றுக்கும் விலை கேட்டுக் குறித்துக்கொண்டார். நல்ல செந்துளுவன் குலை, அதாவது சிவப்பு வாழை, அறுநூறு ரூபாய். பத்து மணிக்குக் கருங்கல் போய்ச் சேர்ந்தோம், ஐம்பது நிமிடப் பயணம்.

ஜாய்ஸ் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் குவைத்தில் இருக்கிறார். அக்கா பதினேழு வருடமாகக் கூடத்தை நடத்துகிறார். நாரைப் பரப்பி, ரப்பர் பால் தெளித்து, அச்சில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். தொட்டி காய்ந்த பிறகு கீழே போட்டாலும் உடைவதில்லை. வில்லம் நாலைந்தை வேண்டுமென்றே போட்டுப் பார்த்தார். கூடம் இரண்டு ஷெட். ஒன்றில்தான் வேலை நடந்தது. வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டதால் இரண்டாவதை ஜூனில் பூட்டிவிட்டார்கள். அதில் வேலை பார்த்த பதினொரு பெண்களும் வீட்டில் இருந்தார்கள். "திங்கக்கெழம ஒரு முடிவு சொல்லுகேன்னு சொல்லியிருக்கேன் மக்கா. இவரு வாங்கினா தொறப்பேன். இல்லேன்னா வேற வேல பாத்துக்கிடுங்கோன்னு சொல்லணும். அத எந்த வாயால சொல்லுகதுன்னு தெரியல" என்றார் என்னிடம் தனியாக.

தொட்டிக்குப் பதினாலு ரூபாய் என்றார் அக்கா. வில்லம் பன்னிரண்டு என்றார். நாற்பதாயிரம் தொட்டி வேண்டும், ஆனால் பன்னிரண்டுதான். அரை மணி நேரம் இருவரும் அசையவில்லை. கடைசியில் அக்கா, "நாளைக்கு சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. வந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ. ஞாயித்துக்கெழம நான் கச்சவடம் பேச மாட்டேன். திங்கக்கெழம காலைல பேசுவோம்" என்று எழுந்துவிட்டார். கச்சவடம் என்றால் அந்தப் பக்கத்தில் வியாபாரம். இழுத்தடிக்கும் தந்திரம் இது என்று தன் காகிதக்கட்டின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார் வில்லம். தந்திரமெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் என்று சொன்னேன். இந்த மாவட்டத்துக்கு வருகிறவர்கள் வாரத்தைத் திட்டமிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்கு: சபையார் தங்கள் வீட்டில் விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். பணம் சர்ச்சுக்கு. தேங்காய், சக்கை என்று இங்கே சொல்லும் பலாப்பழம், சேவல், முட்டை, தேன் எல்லாம் வரிசையாக இருந்தன. ஏலம் விட்டவர் ஒரு வாத்தியார். ஒலிபெருக்கி தேவையில்லாத குரல்.

முதல் தேங்காய் இருபது ரூபாயில் ஆரம்பித்து எழுநூறில் நின்றது. வில்லம் என் காதருகில் குனிந்து, "எப்போது இறங்க ஆரம்பிக்கும்?" என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். அவர்கள் ஊர்ப் பூ ஏலத்தில் விலை உச்சத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே வருமாம், பொறுமையாகக் காத்திருந்து முதலில் பொத்தானை அமுக்குகிறவனுக்குத்தான் பூ. முப்பது வருடமாக அப்படி வாங்கிப் பழகியவர். இங்கே ஏறத்தான் செய்யும் என்றேன். ஒரு கோழி முட்டை முந்நூற்றைம்பதுக்குப் போனபோது தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து ஒரு செந்துளுவன் குலை வந்தது. ஜாய்ஸ் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து "ஆயிரம்!" என்றார். துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் சும்மா இருக்காமல் ஏற்றிவிட்டார். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம். அக்கா விடவில்லை. வில்லமின் கண் மின்னியது. இந்தம்மாவுக்கு இந்தக் குலை மேல் அவ்வளவு ஆசை, வாங்கிப் பரிசாகக் கொடுத்தால் நாளைக்குப் பேச்சு சுலபமாகும் என்று கணக்குப் போட்டார். அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. தடுத்திருக்க வேண்டியவள் நான், "ஆறாயிரம்" என்று அவருக்காகக் கத்தினேன்.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. வில்லம் குலையை ஏந்திக்கொண்டு போய், குனிந்து, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். கைதட்டல் அப்படியே நின்றுவிட்டது.

"தங்கத்துக்க வாழ மக்கா அது" என்றார் அக்கா மெதுவாக. தங்கம் பூட்டிய ஷெட்டில் வேலை பார்த்தவள், வெளியே போனவள் அவள்தான். "வேல இல்லாம இருந்தும் மொதக் கொலைய சர்ச்சுக்குக் கொண்டாந்திருக்கா. நான் ஏலம் புடிக்கணும். ஒன்ன நான் விட்டுரல்லன்னு இத்தன பேருக்க முன்னால அவளுக்குத் தெரியணும். பழமா வேணும் எனக்கு? அந்தப் பணத்த நான்லா குடுக்கணும்."

வில்லமுக்கு மொழிபெயர்த்தபோது நாக்கு குழறியது. நாற்பதாயிரம் தொட்டியும் பதினொரு பேர் வேலையும் என் ஒரு கத்தலில் போயிற்று என்றே நினைத்தேன். அவர் முகம் சிவந்துபோய், காகிதக்கட்டைப் புரட்டக்கூட இல்லாமல், "இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த துபாய்க்காரர்தான் காப்பாற்றினார். "திருப்பிக் குடுத்திரச் சொல்லுங்கோ. மறுபடியும் ஏலம் விடலாம். எல்லாரும் செய்யதுதான்."

வில்லம் ஆறாயிரத்தையும் கட்டிவிட்டு, குலையை மறுபடி மேசைமேல் வைத்தார். யாரோ ஓடிப்போய்த் தங்கத்தைக் கூட்டி வந்தார்கள். வாத்தியார் குரலெடுத்தார். அக்கா, "மூவாயிரம்" என்றார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. துபாய்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று வாத்தியார் மூச்சுவிடாமல் முடித்தார். தங்கம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வில்லம் என்னிடம், "பார்த்தாயா, கடைசியில் விலை இறங்கிவிட்டது" என்றார். அந்த நிமிஷம் எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது.

பந்தியில் ஆட்டிறைச்சிக் குழம்பு. அக்காவே வந்து பரிமாறினார், "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ" என்று வில்லமின் இலையை நிரப்பிவிட்டார். நாலு மணிக்கு வட்டக்கோட்டை போனோம். கோட்டைச் சுவர் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. காற்று தொப்பியைப் பிடுங்கும், கழற்றி வைத்துவிடுங்கள். வில்லம் கடலைப் பார்க்கவேயில்லை. காணிக்கைக்கு மூவாயிரம் கொடுப்பவர் இரண்டு ரூபாய் குறைக்க மாட்டேன் என்கிறாரே, எப்படி என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதையே அக்காவிடம் நேராகக் கேட்டுவிட்டார். பூட்டிய ஷெட்டின் பதினொரு பேரும் வந்து வாசலில் நின்றிருந்தார்கள். அக்காவும் நேராகவே பதில் சொன்னார்.

"நேத்தைக்கு குடுத்தது எனக்குள்ளது. எனக்குள்ளத எவ்வளவு வேணும்னாலும் குடுப்பேன். இந்த ரெண்டு ரூவா எனக்குள்ளது இல்ல, இவியளுக்க கூலி. அத எடுத்து ஒமக்குத் தர எனக்கு என்ன அதிகாரம்?"

மொழிபெயர்த்தேன். எல்லோரும் வில்லமின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற தங்கத்துக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, வாத்தியார் குரலில், "பன்னெண்டு ரூவா, ஒரு தரம்!" என்றாள். பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். வில்லமும் சிரித்துவிட்டு, கையைத் தூக்கி, "பன்னிரண்டரை" என்றார். "பன்னெண்டரை, ஒரு தரம்!" பதின்மூன்று. பதின்மூன்றரை. பதினாலு. இப்போது பதினொரு பேரும் சேர்ந்து கத்தினார்கள். உற்சாகத்தில் மனிதர், தனக்குத் தானே போட்டியாக, "பதினாலரை!" என்றார்.

"நிறுத்தும்" என்றார் அக்கா. "பதினாலுன்னா பதினாலு. அதுக்கு மேல வாங்கினா அது கூலி இல்ல, பிச்ச. வேண்டாம்."

வில்லம் கையை நீட்டினார். ஒரே ஒரு கையைத்தான் நீட்டினார்.

இனி, போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. மேற்கிலிருந்து யாரை அழைத்து வந்தாலும் ஆசியா என்று ஒரே ஊர் கிடையாது என்பதை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். குனிய வேண்டாம், வணக்கம் போதும். ஒரு விலைக்கு ஏன் அசைய மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டால் இங்கே பதில் கிடைக்கும், தைரியமாகக் கேட்கச் சொல்லுங்கள். பரிசு கொடுக்கும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் விசாரியுங்கள், என்னை மாதிரி அரைகுறையிடம் அல்ல. நாள் வாடகை காருக்கு 3,000 ரூபாய், அறைக்கு 2,400. மழைக்காலத்தில் வந்தால் தொட்டி காய்வதைப் பார்க்க முடியாது.

வில்லமின் விமானம் மாலையில்தான், ஆகவே அவசரம் இல்லை. ஜாய்ஸ் அக்கா பையிலிருந்து சாவியை எடுத்துத் தங்கத்திடம் கொடுத்தார். ஜூனிலிருந்து நனைந்த பூட்டு, திறக்கவே மாட்டேன் என்றது. சுனில் காரிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து விட்டார். ஒரு அசைப்பு, இரண்டு அசைப்பு, கதவு திறந்தது. மூன்று மாத நார்த்தூசி முகத்தில் அடித்து எல்லோரும் தும்மினோம். தங்கம் தும்மிக்கொண்டே உள்ளே போய், நேராகத் தன் அச்சின் முன் உட்கார்ந்து, திரும்பி எங்களைப் பார்த்து, "என்னத்த வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கியோ? நார எடுத்துத் தாங்கட்டி!" என்றாள்.