கருப்பைக் கருப்பாகக் காட்டும் லேப்டாப்

ஒரு லேப்டாப் வாங்கப் போய் இவ்வளவு கோபப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் கடையில் தொடங்கியதல்ல. தாராவியில், எங்கள் சந்து முனையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரில் தொடங்கியது.

என் சித்தி மகளுக்கு நிச்சயம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோவில் ஜோடிப் படத்தைக் கொடுத்துப் பேனர் அடித்தார்கள். எங்கள் பகுதியில் பேனர் இல்லாமல் கல்யாணம் கிடையாது. என் தங்கை நல்ல கருப்பு, களையான முகம். அந்த முகத்தை வழித்துத் துடைத்து வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவள் பேனருக்கு அடியில் நின்றிருந்தபோது, நிச்சயத்துக்கு வர முடியாமல் போன மாப்பிள்ளையின் தாய்மாமா ஊரிலிருந்து வந்து இறங்கி, அவளிடமே படத்தைக் காட்டி, "ஏ பிள்ள, இந்தப் பொண்ணு வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

அவருக்கு வழி சொல்லிவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்து அழுதாள். "கல்யாணத்துக்கு நீதான்க்கா படம் எடுக்கணும். என்னைய வெள்ளையாக்கிராத."

நான் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கிறவள். இந்தக் கல்யாணமோ திருநெல்வேலிப் பக்கம், மாப்பிள்ளை ஊரில். காலையில் தாலி கட்டுவதை மாலை வரவேற்பில் பெரிய திரையில் ஓட்டியாக வேண்டும், இப்போது அப்படித்தான். அதற்குள் மண்டபத்திலேயே உட்கார்ந்து படங்களைத் திருத்த வேண்டும். வீட்டில் இருக்கும் பெரிய மானிட்டரை ரயிலில் தூக்கிப் போக முடியுமா? கேமரா பைக்குள் அடங்குகிற, நிறத்தில் பொய் சொல்லாத சின்ன லேப்டாப் வேண்டும். கருத்த முகத்தைத் திரை வெளுப்பாகக் காட்டினால் அதை நம்பி நான் இன்னும் இருட்டாக்கிவிடுவேன். பிறகு பெரிய திரையில் அவளைப் பார்க்க முடியாது.

அதனால் அவளையே கூட்டிக்கொண்டு குர்லாவில் ஒரு கடைக்குப் போனேன். அவள் கூரைப்புடவையின் அரக்கு ரவிக்கைத் துணியையும், அந்தத் துணியைப் பிடித்திருக்கும் அவள் கையைப் படமெடுத்துப் போட்ட பென்டிரைவையும் கொண்டுபோயிருந்தோம்.

கடைப் பையன் எடுத்த எடுப்பில் ரோஸ் நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். "லேடீஸுக்கு இதுதான் மேடம், ஏக்தம் ஹல்கா." கனமே இல்லையாம்.

"இந்தத் திரை எத்தனை நிறம் காட்டும்?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"ஃபுல் ஹெச்டி மேடம்."

நிறத்தைக் கேட்டால் தெளிவைச் சொல்கிறான்! எனக்குச் சுருக்கென்று ஏறியது. நானும் தங்கையும் பேசியதைக் கேட்டு, தானும் செம்பூர்த் தமிழன்தான் என்று சொல்லி அக்கா போட ஆரம்பித்தான்.

படத்தைப் போட்டுப் பார்த்தோம். ரோஸ் லேப்டாப்பில் அவள் கை சாம்பல் பூசியது போல இருந்தது. அடுத்ததில் அரக்கு தக்காளியாகிவிட்டது, கை மஞ்சள் தேய்த்துக் குளித்தது போல மின்னியது. பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாருங்கக்கா, எவ்ளோ ஃபேரா வர்றாங்க! கல்யாணப் பொண்ணுக்கு இதான் சரி."

இவனுக்கும் அந்த ஸ்டுடியோக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு பெண்ணின் தோலைத் திருத்தும் உரிமையை இவர்களுக்கெல்லாம் யார் கொடுத்தது? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மூலையில் கிடந்த ஒரு சின்னச் சாம்பல் நிற லேப்டாப்பைக் கேட்டேன். வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தான். கடைக்காக உச்சத்தில் வைத்திருந்த வெளிச்சத்தைக் குறைத்தேன், பளபளப்பு மோடை அணைத்தேன். அதே படத்தைத் திறந்து, துணியை ஒரு பக்கமும் கையை ஒரு பக்கமும் திரையோடு ஒட்டி வைக்கத் தங்கையிடம் சொன்னேன். படத்தின் கையும் அவள் கையும் ஒரே நிறமாக இருந்தன. அரக்கும் அரக்காகவே இருந்தது.

"இதுல கருப்பா தெரியறாங்களே அக்கா," என்றான்.

"அவ கையைப் பாரு. ஸ்கிரீனைப் பாரு. எதுல தப்பு?" என் சத்தத்தில் பக்கத்துக் கவுன்டரே திரும்பியது.

அப்போதுதான் அவன் அவள் கையைப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுதான். ஆனா போட்டோல யாருக்கா இப்படிக் கேப்பாங்க?"

"நான்தான் கேக்கேன்," என்றாள் தங்கை. "பில்லப் போடுங்க."

மண்டபத்துக்குப் போனால் வாசலில் மறுபடியும் முகத்தை வெள்ளையடித்த அதே பேனர். பற்றிக்கொண்டு வந்தது. மணமகள் அறையின் மூலையில் அந்தச் சின்ன லேப்டாப்பை மடியில் வைத்துப் படங்களை முடித்தேன். பெரிய திரைக்காரர் பளபளப்பைக் கூட்டி வைத்திருந்தார், சண்டை போட்டுக் குறைக்க வைத்தேன். மாலையில் படங்கள் ஓடின. தாலி ஏறிய நேரத்து அவள் முகம், அவள் நிறத்தில், சுவர் அளவுக்கு வந்து நின்றது.

மேடையில் வாழ்த்த வந்த அதே தாய்மாமா திரையைப் பார்த்துவிட்டு, அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார், "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிள்ளைய மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கியிருக்கலாம்லா?"

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த தங்கை முந்திக்கொண்டாள்.

"மாமா, அன்னைக்குப் பொண்ணு வீடு எங்கனன்னு என்கிட்டயே கேட்டிய. இந்தப் படத்தப் பாத்தா இனி கேக்க மாட்டியல்லா?"