யார் இந்தக் கண்ட்ரோல்?

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு நோய் தெரியும், நர்ஸுக்கு நோயாளியைத் தெரியும். பில் கவுண்டரில் இருப்பவளுக்கு இரண்டும் தெரியாது, திட்டு மட்டும் அவளுக்குத்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களே, உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளில் பினாங்கில் எனக்கு அந்த வேலை. மூன்று வயது மகளுக்கு டான்சில் ஆபரேஷன் என்று பேச்சு. அவள் காலில் லேசாகத் தட்டினாலே நீலம் கட்டிவிடும். ரத்தம் உறையாத நோயோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே ஊராருக்குப் பில் போட்டேன்.

இரண்டு வரி

ரத்தம் எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்க்கும் பரிசோதனைச் சீட்டில் இரண்டு வரி இருக்கும்: 'நோயாளி', 'கண்ட்ரோல்'. சேர்ந்த புதிதில், கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கிய ஒழுங்கோடு வரிக்கு ஒரு கட்டணம் போட்டேன். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதால் மாதாமாதம் இந்தச் சோதனைக்கு புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரும் இருதய நோய்க்கார அங்கிள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"யாரும்மா இந்த கண்ட்ரோலு? மாசாமாசம் என்கூடவே வர்றாரு, காசு மட்டும் நானா கட்டணும்?"

விசாரணை

பில்லோடு லேப்புக்கு ஓடினேன். செல்வம் அண்ணே ஒரு கையில் குழாயைச் சாய்த்துக்கொண்டு, மறு கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்திருந்தார். நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்தையும் கூடவே சோதித்தால்தான், கோளாறு நோயாளியின் ரத்தத்திலா, குழாயில் ஊற்றும் சோதனை மருந்திலா என்று தெரியுமாம். முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டினார்.

"இன்னிக்குக் கண்ட்ரோல் நான்தான் தங்கச்சி. என் பேர்ல பில் போட்டுறாதலா, சம்பளத்துல புடிச்சிருவாங்க."

அன்றிலிருந்து நோயாளி வரிக்கு மட்டும்தான் பில்.

பன்னிரண்டு நொடி

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிப் பெண் ஒருத்தி, ஆபரேஷனுக்கு முன் இதே பரிசோதனைக்கு வந்தாள். சீட்டையும் பன்னிரண்டு ரிங்கிட் பில்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பன்னெண்டு நொடிக்குப் பன்னெண்டு வெள்ளியாக்கா? எங்க லைன்ல அதுக்கு நாள் பூரா நிக்கணும்லா."

என் வீட்டுச் சீட்டு

கடைசியில் மகளின் சீட்டும் என் மேசைக்கு வந்தது. செல்வம் அண்ணே தானே கொண்டுவந்து வைத்தார். நொடி எழுதியிருந்த இடத்தை ரூலரால் மறைத்துக்கொண்டு, பெயரை மட்டும் பார்த்துப் பில் அடித்தேன். மூன்று தடவை தப்பாக அடித்தேன். அவர் ரூலரை மெதுவாக நகர்த்தினார்.

"பாருலா, பாப்பாவுக்குப் பதிமூணு, எனக்கும் பதிமூணு. அவ ஆடுற ஆட்டத்துக்கு நீலம் கட்டாம என்ன செய்யும்?"

மற்றப் பரிசோதனைகளையும் பார்த்துவிட்டு டாக்டரும் அதையேதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் இரண்டு வரிக்கும் மனசாரக் காசு கட்டியிருப்பேன் என்றால், அது அந்த ஒரு சீட்டுக்குத்தான்.