மூணாஞ் சங்குக்கு முந்தி

“ஓடுறது என் காலு. உனக்கு ஏன்யா மூச்சு வாங்குது?”

ரெட்டியார்பாளையத்து டீக்கடை கோவிந்தராசைப் பாத்து அஞ்சலாட்சி ஒருநாள் இப்படித்தான் சீறுனா. அவன் சும்மா இருந்திருக்கலாம். “என்னாம்மா, ஞாயித்துக்கெழம மில்லு லீவாச்சே, எவன் வூட்டுல நெருப்பு?”ன்னு வாயக் குடுத்தான், வாங்கிக் கட்டிக்கிட்டான்.

அவன் கேட்டதுலயும் ஞாயம் இருக்குது. நாப்பது வயசுப் பொம்பள பொடவையத் தூக்கி வரிஞ்சு சொருவிக்கிட்டு விழுப்புரம் ரோட்டுல குடுகுடுன்னு ஓடுனா எவன்தான் கேக்கமாட்டான்? மில்லு நாள்ல கூழு ஊத்துன தூக்கு வாளிய மாரோட அணைச்சுக்கிட்டு ஓடுவா. ஒரு சொட்டு சிந்தாது.

ஆரம்பிச்சது வயித்துக்காக. பிரெஞ்சுக்காரன் கொடிய எறக்கிக்கிட்டுப் போயி ரெண்டு வருசம் ஆச்சு, மில்லு சங்கு மட்டும் போவல. காலையில மூணு வாட்டி ஊதும், மூணாஞ் சங்கு ஓஞ்சா மில்லு கேட்டு மூடிப்புடும். வெளியில நின்னவளுக்கு அன்னிக்குக் கூலி கெடையாது. ஒருநாள் இவ மூஞ்சிக்கு நேரா சாத்துனாங்க. மறுநாளே ஓட ஆரம்பிச்சா. மொதல்ல ஒரு புளியமரம் வரைக்கும் ஓடி, நாயாட்டம் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டுக் குந்திட்டா. அப்புறம் அடுத்த மரம். போவப்போவ ஒடம்புக்கே அது புடிச்சுப் போச்சு, ஓடலேன்னா சோறு எறங்கல. அதான் லீவு நாள்லயும் கடக்கரைக்கு ஓடி, அலையில கால நனைச்சுட்டுத் திரும்பி ஓடியாருவா.

“மானம் போவுதுடி”ன்னான் புருசன் கலியபெருமாளு.

“போனா ஓடிப்போயிப் புடிச்சாரேன்”னா.

நடுவுல ஒடஞ்ச சோடா புட்டிச் சில்லு குதிகால்ல ஏறிடுச்சு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் காச்சி ஊத்திக் கட்டிக்கிட்டு நொண்டிக்கிட்டே வேலைக்குப் போனா. ஒழிஞ்சுதுடா ஓட்டம்னு தெருவே சந்தோசப்பட்டுச்சு. காயம் ஆறுறதுக்கு முன்னாடியே மறுபடியும் வரிஞ்சு கட்டிட்டா.

வழியில அசஞ்சு அசஞ்சு வர்ற மில்லுப் பொம்பளைங்களையும் சேத்து இழுத்துப் போட்டுக்கிட்டா. சும்மா இல்ல, வைஞ்சுகிட்டே. “கேட்ட நெனச்சா காலு தளந்துடும்டி. என் கொண்டையப் பாத்து ஓடியா.”

அதுல சின்னப்பொண்ணுன்னு ஒருத்தி, கைப்புள்ளக்காரி, புருசன் செத்துட்டான், அவ கூலியிலதான் அடுப்பு எரியணும். இன்னொரு வாட்டி கேட்டு மூடுன பொறவு வந்தா பேர அடிச்சுடுவேன்னு மேஸ்திரி கண்டிசனாச் சொல்லிட்டான்.

ஐப்பசியில ஒருநாள் விடியறதுக்கு முன்ன பேய் மழ. ரோட்டுல கொண்டையும் தெரியல, குழியும் தெரியல. சின்னப்பொண்ணு தடுக்கி வுழுந்து சேத்துலயே குந்திட்டா.

“யக்கா, என்னால ஆவாது. நீ போ.”

அஞ்சலாட்சி கொஞ்சல. “அழுவுறத உள்ள வந்து அழுவு. நொண்டிக்கிட்டாவது வந்து சேரு, கேட்ட நான் பாத்துக்கறேன்”னுட்டுப் பறந்தா.

மூணாஞ் சங்கு ஊதிக்கிட்டிருக்குது. கேட்டுக்காரன், வெள்ளக்காரன்கிட்ட சிப்பாயா இருந்தவன், “அலே, அலே!”ன்னு பிரெஞ்சுலயே வெரட்டுறான். இவ ஒரு கால உள்ள வச்சா, ஒரு கால வெளிய வச்சா. நின்னுட்டா.

“உள்ள வாம்மா!”

“இருய்யா, மூச்சு வாங்குது.”

“கடக்கரைக்கு ஓடுறவளுக்கு மூச்சு வாங்குதா?”

“வயசாச்சுல்ல.”

“கால எடு, சாத்தணும்!”

“எந்தக் காலுன்னு சொல்லு, எடுக்குறேன்.”

பொம்பள மேல கைய வச்சுத் தள்ள முடியுமா? சங்கு ஓஞ்சுது. கேட்டு மூடல. மேஸ்திரி சொன்னது கேட்டு மூடுன பொறவுதான? ஒவ்வொருத்தியா சேறும் சகதியுமா உள்ள பூந்தாளுங்க. கடைசியா சின்னப்பொண்ணு நொண்டிக்கிட்டு வந்து இவ கக்கத்துக்குள்ள குனிஞ்சு பூந்தா. அப்புறந்தான் அஞ்சலாட்சி ரெண்டு காலையும் உள்ள வச்சா.

“இப்ப சாத்துய்யா.”

உள்ள நின்ன மேஸ்திரி மொறச்சுப் பாத்தான். அவ்வளவுதான் முடிஞ்சுது அவனால.

சம்பளத்தன்னிக்கு நேரா பெரிய மார்க்கெட்டுக்குப் போனா. இருட்டுல கொண்ட தெரியலன்னு மனசுல அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. மாட்டுக் கவுறு, மணி விக்கிற கடையில ஒரு பித்தள மணிய எடுத்தா.

“எந்த மாட்டுக்கும்மா?”

“எனக்குத்தான்.”

இடுப்புல கட்டுனா, சனத்துக்கு நடுவுல எடுத்தா ஓட்டம். கடைக்காரன் பதறிப்போயி, வேட்டியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுத் தொரத்துனான். தெரு மொனையில நின்னு திரும்புனா.

“சத்தம் கேட்டுச்சா?”

“கே... கேட்டுச்சும்மா.”

“வுடாம பின்னாலயே ஓடியாந்தியே. நல்ல மணிதான்.”

ஒரு ரூபா சொன்னான். முக்கா ரூபாய்க்கு முடிச்சா.